நீரும் புரதமும்: இலத்திரன் நுணுக்குக்காட்டியியலில் மாதிரி தயாரிப்பின் வரலாறு

அறிவியலின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் இரு வழிகளில் ஒன்றைத் தெரிந்துகொள்கின்றனர். பேரறிஞர்களின் பெயர்களை நிரல்படுத்தி அவர்தம் சிந்தனைச் சாதனைகளைக் கூறுவது ஒரு வழி. கருவிகளின் வளர்ச்சியை விவரித்து, கருவி கூர்மையடைய அறிவும் கூர்மையடைந்தது எனக் காட்டுவது மற்றைய வழி. இவ்விரண்டிலும் உண்மையுண்டு. ஆயினும் ஆய்வுகூட மேசையில் அன்றாடம் நிகழும் ஒரு வேலை இவ்விரு வகை வரலாறுகளிலும் பெரும்பாலும் பதிவுபெறாமற் போகின்றது. ஆராயப்படும் பொருளைக் கருவியின் முன் வைக்கத்தக்க நிலைக்குக் கொண்டுவரும் வேலையே அது. மாதிரி தயாரிப்பு என நாம் இங்கு குறிப்பிடுவது அதனையே.

புரத மூலக்கூறுகளை இலத்திரன் நுணுக்குக்காட்டியிற் காண்பதற்கு ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகளாக மேற்கொள்ளப்பட்டுவந்த முயற்சிகளை இக்கட்டுரையில் மாதிரி தயாரிப்பு என்னும் நோக்குநிலையில் நின்று ஆராய முற்படுகின்றோம். இவ்வரலாற்றின் முக்கிய திருப்பங்கள் பலவற்றைத் தீர்மானித்தது, நொய்ம்மையான ஒரு பொருளைக் குலையாது காப்பது எப்படி என்ற கைவினைப் பிரச்சினையே என்பது எமது துணிபு. அவ்வாறாயின், இவ்வறிவு யாருடைய உழைப்பால் விளைந்தது, யாருக்கு உரியது என்ற வினாக்களும் உடன் எழுகின்றன. அவற்றை இறுதியில் நோக்குவோம்.

1. நீரின் இன்றியமையாமை

புரதம் என்பது அமினோ அமிலங்கள் சங்கிலியாகப் பிணைந்து ஆன பெருமூலக்கூறாகும். அச்சங்கிலி தனக்கேயுரிய முறையில் மடிந்து திட்டமான ஓர் உருவத்தைப் பெற்ற பின்னரே தனது தொழிலைச் செய்யவல்லதாகின்றது. சங்கிலியின் கணுக்களை இணைக்கும் பிணைப்புகள் வலியவை. ஆனால் மடிந்த உருவத்தைத் தாங்கிநிற்கும் கவர்ச்சிகள் தனித்தனியே நோக்குமிடத்து மிக மெலியவை. நீரை நாடும் பகுதிகள் புறத்தேயும், நீரை வெறுக்கும் பகுதிகள் அகத்தேயும் அமைவதனாலேயே அவ்வுருவம் நிலைபெறுகின்றது. ஆகவே புரதத்தைச் சூழ்ந்துள்ள நீர் அதன் உருவத்தை ஆக்கும் காரணிகளுள் ஒன்றாகவே கொள்ளத்தக்கது. நீரை அகற்றினால் உருவமும் குலையும்.

இவ்வுண்மை ஆய்வுகூடத்தில் முதன்முதலாகத் தெளிவுற வெளிப்பட்டது 1934 ஆம் ஆண்டிலாகும். சுவீடனின் உப்சாலா நகரில் வளர்க்கப்பட்ட பெப்சின் என்னும் நொதியத்தின் பளிங்குகள் சில, அவை வளர்ந்த திரவத்துடனேயே கேம்பிரிட்ஜில் இருந்த ஜே. டி. பேர்னாலிடம் கொண்டுவரப்பட்டன. புரதப் பளிங்குகளை உலர்ந்த நிலையில் எக்ஸ் கதிர்களுக்கு உட்படுத்துவதே அதுவரை வழக்கமாயிருந்தது. அவற்றிலிருந்து பயன்தரும் கோலம் எதுவும் கிடைத்திலது. திரவத்தினின்றும் வெளியே எடுத்ததும் பளிங்கு தன் ஒழுங்கை இழப்பதை நுணுக்குக்காட்டியில் அவதானித்த பேர்னால், மெல்லிய கண்ணாடிக் குழாயினுள் திரவத்தோடு சேர்த்தே பளிங்கை அடைத்து எக்ஸ் கதிர்களைச் செலுத்தினார். நூற்றுக்கணக்கான தெளிவான புள்ளிகள் படத்தட்டிற் பதிந்தன. பேர்னாலும் டொறொதி குறோபுட்டும் இணைந்து வெளியிட்ட இம்முடிவிலிருந்தே புரதப் பளிங்கியல் தோற்றம் பெற்றது. குறோபுட் பின்னர் ஹொட்ஜ்கின் என்ற பெயரால் உலகறிந்த விஞ்ஞானியானார்.

முற்போக்கு வாசகர்கள் பேர்னாலை 'அறிவியலின் சமூகப் பணி', 'வரலாற்றில் அறிவியல்' ஆகிய நூல்களின் ஆசிரியராகவே பெரிதும் அறிவர். கைத்தொழிலுக்கும் கோட்பாட்டுக்குமிடையேயுள்ள உறவை அந்நூல்களிலே வற்புறுத்திய அவர், தமது ஆய்விலும் அவ்வுறவை நிறுவிக்காட்டினார் எனலாம். கதிர்க் குழாயும் படத்தட்டும் முன்பிருந்தவையே. மாறியது பளிங்கைக் கையாண்ட முறையொன்றே.

2. வெற்றிடம் எழுப்பிய முரண்பாடு

பேர்னால் பெற்ற பாடம் எக்ஸ் கதிர்ப் பளிங்கியலில் நிலைத்தது. ஆனால் அதே ஆண்டுகளில் ஜேர்மனியில் உருவாகிக்கொண்டிருந்த மற்றொரு கருவி அப்பாடத்தைப் பின்பற்ற இயலாததாயிருந்தது. பேர்லின் தொழில்நுட்ப உயர்கல்லூரியில் ஏர்ன்ஸ்ட் றுஸ்காவும் மக்ஸ் நொல்லும் 1931 இல் இலத்திரன் நுணுக்குக்காட்டியின் முதல் வடிவத்தை அமைத்தனர். ஒளியின் அலைநீளத்திலும் இலத்திரனின் அலைநீளம் பல்லாயிரம் மடங்கு சிறிதாகையால், ஒளி நுணுக்குக்காட்டியால் ஒருபோதும் எட்டவொண்ணாத நுண்மையை இக்கருவி எட்டும் என்பது எதிர்பார்ப்பு.

எனினும் இலத்திரன்கள் வளியிற் சிதறிவிடும். அவை தடையின்றிச் செல்லவேண்டுமாயின் கருவியின் உட்புறம் வெற்றிடமாயிருத்தல் வேண்டும். வெற்றிடத்தில் நீர் கணப்பொழுதில் ஆவியாகிவிடும். ஆகவே இலத்திரன் நுணுக்குக்காட்டியினுள் வைக்கப்படும் உயிர்ப்பொருள் உலர்ந்தே ஆகவேண்டியிருந்தது. இரண்டாவது இடர்ப்பாடு இதனினும் கொடிது. உருவைத் தரும் இலத்திரன்களே புரதத்தின் பிணைப்புகளை அறுத்து அதனைச் சிதைத்தன. ஒரு பொருளைக் காண்பதற்குரிய நிபந்தனைகளே அப்பொருளை அழிக்கும் நிபந்தனைகளாகவும் இருந்தன. இவ்வரலாறு முழுவதையும் இயக்கும் அடிப்படை முரண்பாடு இதுவேயாம்.

பெல்ஜியத்தின் பிரசெல்சு நகரில் 1934 இல் லடிஸ்லவுஸ் மார்ட்டன் உயிர்ப்பொருளின் முதல் இலத்திரன் படங்களை எடுத்தபோது, தாவர வெட்டுமுகங்களை ஒஸ்மியம் என்னும் பாரவுலோகத்தால் ஊட்டியே அவற்றைக் காக்க முயன்றார். பாரவுலோகங்களைப் பயன்படுத்தும் இவ்வழியின் முதிர்ந்த வடிவம் 1959 இல் சிட்னி பிரெனரும் றொபேட் ஹோணும் கேம்பிரிட்ஜில் விவரித்த மறைநிறமூட்டல் முறையாகும். தங்குதன் சேர்ந்த உப்புக் கரைசலொன்றில் வைரசையோ புரதத்தையோ கலந்து உலரவிடும்போது, பார உலோக உப்பு அப்பொருளைச் சூழ்ந்து கவசம்போல் உறைகின்றது. இருண்ட பின்னணியிலே பொருளின் வடிவம் வெளிறித் தோன்றுகின்றது. இம்முறை எளியது, மலிவானது, சில நிமிடங்களில் முடிவது. வைரசுகளின் புறவடிவங்கள் பற்றிய எமது அறிவின் பெரும்பகுதி இதனாலேயே கிட்டியது. 1968 இல் டேவிட் டிரோசியரும் ஆரன் குளூக்கும் இத்தகைய படங்களிலிருந்து கணித முறையால் முப்பரிமாண உருவை மீட்டெடுத்தனர்.

ஆயினும் இம்முறையிற் காணப்படுவது புரதமன்று; புரதம் விட்டுச்சென்ற அச்சே. காற்தடத்தைக் கொண்டு நடந்தவனின் பாதவளவை அறியலாம்; அவனது குருதியோட்டத்தை அறியவியலாது. புரதத்தின் அகவமைப்பை அறிய விரும்பியோர் நீருக்கே மீளவேண்டியிருந்தது.

3. நீருக்கு மீளல்

எழுபதுகளின் முற்பகுதியில் மூன்று வேறு வழிகளில் இம்மீட்சி முயலப்பட்டது. அமெரிக்காவின் பபலோ நகரிலே பார்சன்சும் அவர்தம் கூட்டாளிகளும் நுணுக்குக்காட்டியினுள்ளேயே நீராவி நிரம்பிய சிற்றறையொன்றை அமைத்து, ஈரமான கற்றலேசுப் பளிங்கிலிருந்து 1972 இல் இலத்திரன் கோலத்தைப் பெற்றனர். நீர் காக்கப்பட்டது, ஆனால் கதிர்ச்சிதைவு தொடர்ந்தது.

இரண்டாவது வழி கேம்பிரிட்ஜில் தோன்றியது. உவர்நீரில் வாழும் நுண்ணுயிரொன்றின் ஊதா மென்சவ்வை ஆராய்ந்த றிச்சார்ட் ஹென்டர்சனும் நைஜெல் அன்வினும் நீருக்குப் பதிலாகக் குளுக்கோசைப் பயன்படுத்தினர். குளுக்கோசு வெற்றிடத்தில் ஆவியாகாது. நீரைப்போன்று புரதத்தின் புறப்பரப்போடு உறவாடவும் வல்லது. இலத்திரன்களை மிகக் குறைவாகச் செலுத்தி, மங்கிய படத்தில் ஆயிரக்கணக்கான மூலக்கூறுகளின் தகவலைச் சராசரிப்படுத்தி, 1975 இல் 7 அங்ஸ்ட்ரோம் அளவிலான உருவை அவர்கள் வெளியிட்டனர். ஒரு அங்ஸ்ட்ரோம் என்பது ஒரு மில்லிமீற்றரின் ஒரு கோடியில் ஒரு பங்காகும். மென்சவ்வைக் குறுக்கே ஊடுருவி நிற்கும் ஏழு சுருள்களை மாந்தர் அப்போதே முதன்முதலாகக் கண்டனர்.

மூன்றாவது வழி குளிரூட்டலாகும். வெனிசுவேலா நாட்டவரான ஹம்பேட்டோ பெர்னாண்டஸ்-மொறான் ஐம்பதுகளிலிருந்தே உயிர்ப்பொருள்களைக் கடுங்குளிரில் உறையச்செய்து நுணுக்குக்காட்டியில் நோக்குவதன் பயனை வலியுறுத்தி வந்தார். இலத்தீன் அமெரிக்காவிலிருந்து வந்த இக்குரல் பொதுவான வரலாறுகளில் ஓரடிக்குறிப்பாகவே எஞ்சியுள்ளது. பின்னர் கலிபோர்னியாவின் பேர்க்லி நகரில் கெனத் டெயிலரும் றொபேட் கிளேசரும் 1974 இல் ஒரு தீர்க்கமான பரிசோதனையைச் செய்தனர். உறைந்த நிலையில் வைக்கப்பட்ட கற்றலேசுப் பளிங்கின் நீர் வெற்றிடத்தில் ஆவியாகவில்லை என்பதும், பளிங்கின் நுண்ணொழுங்கு காக்கப்பட்டது என்பதும் இதனால் நிறுவப்பட்டன. குளிர்நிலையில் கதிர்ச்சிதைவும் பன்மடங்கு தணிந்தது. ஆக, இரு இடர்ப்பாடுகளுக்கும் ஒரே மருந்தாகக் குளிர் அமைந்தது.

ஆனால் அங்கேயும் ஒரு தடை எழுந்தது. நீர் உறையும்போது சாதாரணமாகப் பளிங்காகின்றது. பனிப்பளிங்கு வளருங்கால் தன்னிடையே கரைந்துள்ள உப்புகளையும் புரதங்களையும் ஒதுக்கித் தள்ளுகின்றது; மெல்லிய கட்டமைப்புகளைக் கிழிக்கின்றது; இலத்திரன்களைத் தன்பங்கிற்குச் சிதறடித்து உருவையும் கெடுக்கின்றது. தனித்தனியாக மிதக்கும் மூலக்கூறுகளைக் காண்பதாயின், பளிங்காகாமலே நீர் திண்மமாதல் வேண்டும்.

4. ஹைடில்பேர்க்: நீரைக் கண்ணாடியாக்கல்

ஐரோப்பிய நாடுகள் சில தமது வளங்களை ஒன்றுசேர்த்து 1974 இல் ஐரோப்பிய மூலக்கூற்று உயிரியல் ஆய்வுகூடத்தை நிறுவின. எந்தவொரு சிறுநாடும் தனித்து மேற்கொள்ளவியலாத ஆய்வுகளைப் பொதுவில் மேற்கொள்வதே அதன் நோக்கம். ஜேர்மனியின் ஹைடில்பேர்க் நகரில் அமைந்த அவ்வாய்வுகூடத்தின் முதல் பணிப்பாளர் நாயகம் யோன் கென்ட்ரூ ஆவார். 1978 இல் சுவிற்சர்லாந்தைச் சேர்ந்த ஜாக் டுபோசே அங்கே ஓர் ஆய்வுக்குழுவின் பொறுப்பை ஏற்றார். நீரின் பிரச்சினையே அவருக்கு அளிக்கப்பட்ட பணி.

நீராவியை மிகக் குளிர்ந்த பரப்பொன்றில் மெதுவாகப் படியவிடின் பளிங்கற்ற திண்ம நீர் உருவாகும் என்பது 1935 இலேயே அறியப்பட்டிருந்தது. ஆனால் திரவ நீரை அந்நிலைக்குக் கொண்டுவருதல் இயலாது என்பதே பலரின் நம்பிக்கை. 1980 இல் ஒஸ்திரியாவின் இன்ஸ்புறூக் நகரிலிருந்து புறூகெலரும் மேயரும் திரவ நீரைக் கண்ணாடிநிலையாக்கியதாக அறிவித்தனர். 1981 இல் டுபோசேயும் அலஸ்டெயர் மக்டவல் என்னும் தொழில்நுட்பவியலாளரும் அதனை நுணுக்குக்காட்டிக்கு ஏற்ற முறையில் எய்தினர். மெல்லிய காபன் படலத்தின்மீது நுண்ணிய நீர்த்துளிகளைத் தெளித்து, மிகக் குளிர்ந்த திரவ எதேனில் சட்டென அமிழ்த்தியபோது, பளிங்கின் சுவடெதுவுமற்ற சீரான திண்மம் கிடைத்தது. அதனைப் படிப்படியாக வெப்பமேற்றியபோது ஒரு நிலையில் அது பனிப்பளிங்காக மாறிற்று. முன்பு இருந்தது கண்ணாடிநிலை நீரே என்பதற்கு இம்மாற்றமே சான்றாயிற்று.

திரவ நைதரசன் எங்கும் கிடைப்பதாயிருக்க, எதேனை ஏன் தெரிந்தனர் என்ற வினா எழலாம். திரவ நைதரசன் -196 பாகையில், அதாவது தனது கொதிநிலையிலேயே இருக்கின்றது. வெதுவெதுப்பான பொருளொன்று அதிற் பட்டதும் நைதரசன் வாயுவாகி அப்பொருளைச் சூழ்ந்து போர்வைபோலாகி, வெப்பம் வெளியேறுவதைத் தடுக்கின்றது. காய்ந்த தோசைக்கல்லில் தெளித்த நீர்த்துளி உடனே வற்றாது உருண்டோடுவதும் இதே காரணத்தாலாகும். எதேனோ -183 பாகையில் உருகி, -89 பாகையிலேயே கொதிப்பது. இவ்விடைவெளி அகன்றதாகையால் வாயுப்போர்வை தோன்றாது வெப்பம் விரைந்து அகலுகின்றது. ஒரு செக்கனுக்கு ஓரிலட்சம் பாகைக்கும் மேற்பட்ட வேகத்தில் குளிர்வதால், நீர் மூலக்கூறுகள் ஒழுங்குபட அவகாசமின்றி இருந்தவாறே உறைந்துவிடுகின்றன.

அடுத்த படியை மார்க் அட்றியன், ஜோன் லெப்போ ஆகியோரோடு இக்குழுவினர் கூட்டாக எட்டினர். மூன்று மில்லிமீற்றர் விட்டமுள்ள உலோக வலைத்தட்டொன்றில் துளையுள்ள காபன் படலம் விரிக்கப்படும். அதன்மேல் ஒரு துளி மாதிரி இடப்பட்டு, ஒற்றுத்தாளினால் அதன் பெரும்பகுதி உறிஞ்சி அகற்றப்படும். துளைகளுக்குக் குறுக்கே சவர்க்கார நுரைபோல் மெல்லிய நீர்ப்படலம் எஞ்சும். அக்கணமே தட்டு எதேனுள் வீழ்த்தப்படும். 1984 இல் இவ்வாறு நிறமூட்டப்படாத, உலர்த்தப்படாத வைரசுகளின் படங்கள் வெளியிடப்பட்டன. நாற்பதாண்டுகள் கடந்தும் உலகின் பெரும்பாலான ஆய்வுகூடங்களிற் பின்பற்றப்படும் முறை சாராம்சத்தில் இதுவேயாம்.

5. கணிப்பும் உணர்கருவியும்

இதன் பின்னரான முப்பது ஆண்டுகளைச் சுருக்கமாகவே நோக்குவோம். மாதிரி காக்கப்பட்டாலும், சிதைவைத் தவிர்க்க இலத்திரன்களைச் சிக்கனமாகவே செலுத்தவேண்டியிருந்தமையால் படங்கள் இரைச்சல் மிகுந்தனவாயிருந்தன. ஆயிரமாயிரம் மூலக்கூறுகளின் மங்கிய உருக்களைத் திசைவாரியாக வகுத்துச் சராசரிப்படுத்தும் கணிதத்தை நியூயோர்க் மாநிலத்தின் ஆல்பனி நகரில் ஜோக்கிம் பிராங்க் வளர்த்தெடுத்தார். 1990 இல் ஹென்டர்சனின் குழு ஊதா மென்சவ்வுப் புரதத்தின் அணுமட்ட மாதிரியுருவை வெளியிட்டது. 2012 அளவில் இலத்திரன்களை நேரடியாகப் பதியும் உணர்கருவிகள் வழக்கிற்கு வந்தபின் நிலைமை விரைந்து மாறிற்று. மிளகாயின் காரத்தையும் வெப்பத்தையும் உணரும் நரம்புப் புரதத்தின் அமைப்பு 2013 இல் 3.4 அங்ஸ்ட்ரோம் அளவில் வெளியானமை அம்மாற்றத்தின் முதல் அடையாளமாகக் கருதப்படுகின்றது.

சிதம்பரத்திற் பிறந்த வெங்கி இராமகிருஷ்ணன், எக்ஸ் கதிர்ப் பளிங்கியலால் இறைபோசோமின் அமைப்பைக் கண்டமைக்காக 2009 இல் நோபல் பரிசு பெற்றவர். அவருடைய கேம்பிரிட்ஜ் குழுவும் பளிங்கியலினின்று குளிர்நிலை நுணுக்குக்காட்டியியலுக்குத் திரும்பி, 2014 இல் மதுவத்தின் இழைமணி இறைபோசோமின் பேரலகைக் கண்டறிந்தது. அதே ஆண்டில் மலேரியாக் கிருமியின் இறைபோசோமும் கண்டறியப்பட்டது. பளிங்காக வளர்ப்பதற்கு வேண்டிய பெருமளவில் அக்கிருமியின் புரதங்களைத் திரட்டுதல் அரிது. புதிய முறைக்கோ சிறிதளவே போதுமானதாயிற்று. வெப்பவலய வறிய மக்களின் நோய்களை ஆராய்வதற்கு இம்முறை திறந்துவிட்ட வாயில் இதனாற் புலனாகும். 2017 இல் டுபோசே, பிராங்க், ஹென்டர்சன் மூவரும் இரசாயனவியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். 2020 இல் அப்போபெரிற்றின் என்னும் உறுதிமிக்க புரதத்தின் அணுக்கள் தனித்தனியே புலப்படத்தக்க அளவில் உருக்கள் வெளியாயின.

6. நீரின் விளிம்பு

கருவி இவ்வாறு உச்சத்தை எட்டிய வேளையில் பழைய பிரச்சினை புதிய வடிவிலே தலைதூக்கியது. உறுதிமிக்க புரதங்கள் அழகிய உருக்களைத் தந்தன. பல உறுப்புகள் தளர்வாக இணைந்த நொய்ம்மையான புரதத் தொகுதிகளோ, கரைசலில் முழுமையாக இருந்தும், உறையவைத்த தட்டிலே துண்டுதுண்டாய்க் காணப்பட்டன. அல்லது முற்றாக மறைந்தன. பதினைந்து ஆண்டு உழைப்பில் தூய்மையாக்கப்பட்ட மாதிரியாயினும் அரைக்கணத்திற் பாழாகலாம் என்ற நிலை. அக்குற்றத்தை உறைதலின்மேற் சுமத்துவதே முதலில் இயல்பாயிருந்தது. விசாரித்தபோது, தீங்கு நிகழ்ந்தது உறைவதற்கு முன்னர், நீர்ப்படலம் வளியைச் சந்திக்கும் எல்லையில் என்பது தெரியவந்தது.

முட்டையின் வெண்கருவை அடிக்கும்போது அது வெள்ளை நுரையாகித் தடிப்பதை அடுக்களையிற் காண்கின்றோம். அடிக்குந்தோறும் வளிக்குமிழிகள் புகுந்து நீருக்கும் வளிக்கும் இடையிலான பரப்பு பெருகுகின்றது. வெண்கருவின் புரதங்கள் அப்பரப்பை அடைந்து, நீரை வெறுக்கும் உட்பகுதிகளை வளியின் பக்கம் நீட்டி விரிந்து, ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. நீர்ப்பரப்பில் புரதம் விரிந்து ஒற்றைப்படலமாகும் இயல்பை லாங்மியூர் முதலியோர் முப்பதுகளிலேயே ஆராய்ந்திருந்தனர். நுணுக்குக்காட்டித் தட்டின் நீர்ப்படலம் ஒரு மில்லிமீற்றரின் பதினாயிரத்தில் ஒரு பங்கினும் மெல்லியது. அவ்வளவு ஒடுங்கிய இடத்தில் அலையும் மூலக்கூறு ஒரு செக்கனில் ஆயிரம் தடவைக்கு மேல் விளிம்பைத் தொடும் எனக் கணிக்கப்படுகின்றது. ஒற்றுத்தாளை அகற்றி எதேனில் அமிழ்த்துவதற்குச் சாதாரணமாக ஒரு செக்கன் அளவு செல்லும். மனிதருக்கு அது கணப்பொழுது, மூலக்கூறுக்கோ நெடுங்காலம்.

2018 இல் நியூயோர்க்கிலிருந்து வெளியான ஆய்வொன்று, ஐம்பதுக்கு மேற்பட்ட தட்டுகளையும் மாதிரிகளையும் முப்பரிமாணத்தில் நோக்கி, மிகப் பெரும்பான்மையான துணிக்கைகள் வளி-நீர் எல்லையிலேயே ஒட்டியுள்ளன எனக் காட்டியது. 2019 இல் பிராங்பேர்ட் நகரிலிருந்து வெளியான ஆய்வில், மதுவத்தின் கொழுப்பமிலத் தொகுப்பு நொதியத்தை எடுத்து நோக்கியபோது, எல்லையில் ஒட்டியவற்றுள் ஏறத்தாழ 90 வீதமானவை பகுதியளவில் குலைந்திருந்தன. நீர்நாட்டம் ஊட்டப்பட்ட கிரபீன் தாளில் அதே நொதியத்தைத் தங்கவைத்தபோது இச்சிதைவு தவிர்க்கப்பட்டது.

நொய்ம்மையான மாதிரிகளைக் காப்பதற்கு இன்று கையாளப்படும் வழிகளை நால்வகையாக வகுக்கலாம். முதலாவது, உறுப்புகளை இரசாயனப் பிணைப்பால் இறுக்குவது. ஜேர்மனியின் கோட்டிங்கன் நகரிலே ஹொல்கர் ஸ்டார்க்கின் குழு 2008 இல் விவரித்த முறையில், மையநீக்கச் சுழற்சியின்போது அடர்த்தி படிப்படியாகக் கூடும் கரைசலூடே தொகுதி இறங்குகையில், குளூற்றரல்டிகைட்டு அதனை மெல்ல மெல்லப் பிணைக்கின்றது. இரண்டாவது, துப்புரவாக்கி போன்ற பொருள்களைச் சிறிதளவு சேர்த்து, புரதம் சென்றடையுமுன் விளிம்பை அவற்றால் நிரப்பிவிடுவது. மூன்றாவது, ஓரணுத் தடிப்புள்ள கிரபீன் போன்ற தாங்குபடலத்தில் புரதத்தை ஒட்டச்செய்து விளிம்பினின்றும் விலக்கிவைப்பது. நான்காவது, நுண்துளிகளாகத் தெளித்து ஒரு செக்கனின் சிறு பின்னத்திலே உறையச்செய்து, குலைவதற்கு அவகாசமளியாதிருப்பது.

இவற்றுள் எதுவும் முற்றான தீர்வன்று. இரசாயனப் பிணைப்பு இயற்கையற்ற நிலையிலும் தொகுதியை இறுக்கிவிடலாம். துப்புரவாக்கி சேர்ப்பின் மிகச் செறிந்த புரதக் கரைசல் தேவைப்படும். அது பலருக்குக் கிட்டாது. தாங்குபடலம் தன்பங்கிற்கு இரைச்சலைச் சேர்க்கும். விரைவு தீங்கைக் குறைக்கும். ஆனால் மூலக்கூறு ஆயிரத்தில் ஒரு செக்கனிலேயே விளிம்பை எட்டுமாதலால் முற்றாக நீக்காது. ஆகவே ஒவ்வொரு புரதத்துக்கும் உரிய வழியை முயன்று தவறித் திருத்தியே காணவேண்டியுள்ளது. அம்முயற்சியின் முதற்படியில், தொகுதி முழுமையாக உள்ளதா எனச் சோதிக்க, 1959 இன் மறைநிறமூட்டல் முறையே இன்னும் பயன்படுகின்றது என்பது கருதத்தக்கது. புதிய முறை பழையதை ஒழிக்காது தன்னுள் ஓர் உறுப்பாக்கிக் கொண்டுள்ளது.

7. உழைப்பும் உடைமையும்

மேற்கூறியவற்றிலிருந்து இரண்டு முடிபுகளை நாம் பெறுகின்றோம்.

முதலாவது, அறிவியலில் மூளையுழைப்புக்கும் கையுழைப்புக்குமிடையே வகுக்கப்படும் எல்லை செயற்கையானது. பேர்னாலின் கண்ணாடிக் குழாய், மக்டவல் தெளித்த நீர்த்துளி, அட்றியனின் துளைப்படலம் ஆகியவை கோட்பாட்டைச் செயற்படுத்திய வெறும் உதவிகளல்ல. கோட்பாடு இயலாது என்றதை இயலும் எனக் காட்டியவை அவையே. நோபல் பரிசு ஒரு துறையில் மூவருக்கு மேல் வழங்கப்படாத விதியுடையது. அதனால் பரிசு பெற்றோரின் தகுதி குறைவதில்லை. ஆனால் அவ்விதி எழுதும் வரலாற்றை முழு வரலாறாக நாம் ஏற்கவேண்டியதில்லை.

இரண்டாவது முடிபு உடைமை பற்றியது. உயர்தர நுணுக்குக்காட்டியொன்றின் விலை பல மில்லியன் அமெரிக்க டொலராகும். செல்வந்த நாடுகளின் பல்கலைக்கழகங்களும் பெருமருந்துக் கம்பனிகளுமே அவற்றைப் பெரும்பாலும் உடைமையாகக் கொண்டுள்ளன. இதன் விளைவை 2020 இல் உலகம் கண்டது. சீன விஞ்ஞானிகள் அவ்வாண்டு சனவரியில் கொரோனா வைரசின் மரபணுத் தொடரைப் பகிரங்கமாக வெளியிட்டனர். பெப்ரவரியில் அதன் முட்புரதத்தின் அமைப்பு அமெரிக்காவிலிருந்து குளிர்நிலை நுணுக்குக்காட்டிமூலம் வெளியாயிற்று. எளிதில் உருமாறிவிடும் அப்புரதத்தைக் காப்பதற்கு இரண்டு அமினோ அமிலங்களைப் புரோலின் ஆக மாற்றி இறுக்கியிருந்தனர். அதே இறுக்கிய வடிவமே பிரதான தடுப்பூசிகள் சிலவற்றிலும் இடம்பெற்றது. பகிரங்கமாக வழங்கப்பட்ட தொடரிலிருந்து பிறந்த தடுப்பூசி, வறிய நாடுகளை மிகத் தாமதமாகவே வந்தடைந்தது. புரதத்தைக் காக்கக் கற்றுக்கொண்ட உலகம் அக்கல்வியின் பயனைப் பகிர்ந்துகொள்ளக் கற்கவில்லை.

எனினும் எதிர்த்திசையில் இயங்கும் சக்திகளும் உள. கண்டறியப்பட்ட உருக்களும் மூலப்படங்களும் எவரும் பெறத்தக்க பொதுக் களஞ்சியங்களில் வைக்கப்படுகின்றன. கணிப்புக்கு வேண்டிய முக்கிய மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. பிரித்தானியாவிலும் இந்தியாவிலும் பல நிறுவனங்கள் கூட்டாகப் பயன்படுத்தும் தேசிய மட்ட வசதிகள் அமைக்கப்பட்டுள்ளன. 300 கிலோவோற்றுக் கருவிக்குப் பதிலாக 100 கிலோவோற்றில் இயங்கும் மலிவான கருவியே பல தேவைகளுக்குப் போதும் என்பதை ஹென்டர்சன் உள்ளிட்ட கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2019 இலும் 2023 இலும் நிறுவியுள்ளனர்.

எம்மைப் போன்ற சிறுநாடுகளின் பல்கலைக்கழகங்களுக்கு இவ்வரலாறு கூறுவது யாது? பெருங்கருவி இல்லாதவிடத்து அறிவியலே இல்லை என்ற விரக்திக்கு இடமில்லை. புரதத்தைத் தூய்மையாக்கல், அதன் உறுதியைச் சோதித்தல், உகந்த கரைசலைக் காணல், மறைநிறமூட்டி முழுமையை உறுதிசெய்தல் ஆகிய தீர்மானகரமான வேலைகள் நடுத்தர ஆய்வுகூடத்திலேயே நிகழத்தக்கவை. அதேவேளை வெறும் ஊக்கம் மட்டும் போதாது. ஈரப்பதன் மிக்க எமது காலநிலையிலே குளிர்ந்த தட்டின்மீது வளியின் நீராவி பனியாகப் படிந்து மாதிரியைக் கெடுக்கும். அதனைத் தடுக்க ஈரமகற்றிய அறையும், தடையற்ற திரவ நைதரசன் வழங்கலும், பயிற்சிபெற்ற தொழில்நுட்பவியலாளரும் வேண்டும். தொழில்நுட்பவியலாளருக்கு உரிய பதவியும் ஊதியமும் மதிப்பும் வழங்காத பல்கலைக்கழகம் எத்துணை விலைமதிப்புள்ள கருவியை வாங்கினாலும் அதனாற் பயன்பெறாது. ஐரோப்பிய நாடுகள் 1974 இல் செய்தவாறு தென்னாசிய நாடுகள் தம் வளங்களைக் கூட்டிப் பொது ஆய்வுகூடங்களை நிறுவும் சாத்தியமும் சிந்திக்கத்தக்கது. ஹைடில்பேர்க்கின் சாதனை அத்தகைய கூட்டு முயற்சியின் விளைவேயாகும். அவ்வழி எமக்கும் மூடப்பட்டதொன்றன்று.